அலசாத பாட்டில்

மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். அலசல் அக்கா மட்டும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியும் கையில் பாட்டில் கூடையுமாக வெளியே ஓடுவாள். அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். தெருவில் விழும் மழைத்தண்ணீர் வடிகாலில் இறங்கி, ஊரின் கீழ்ப்பக்கம் ஆற்றில் விழும் இடங்களுக்கு வடிகால் வாய் என்று பெயர். மழை ஆரம்பித்த அரைமணி நேரத்துக்குள் அங்கே போய், விழுகிற தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அரைமணி என்று கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாள்கணக்கில் தெருவில் சேர்ந்த புழுதி, டயர் தேய்ந்த தூள், சிந்திய எண்ணெய், நாய் அசிங்கம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவது அந்த முதல் தண்ணீர்தான். அதற்கப்புறம் வருவதைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆறு நன்றாயிருக்கிறது என்று எழுதுவது, வாய் கொப்பளித்து முடித்தவனிடம் என்ன சாப்பிட்டாய் என்று முகர்ந்து பார்க்கிற கதைதான்.

இந்தக் கதை நல்லபடியாகத்தான் முடிகிறது. மழைக்காலத்தில் படிக்கிறவர்களுக்கு வீண் கலக்கம் வேண்டாமே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீர்த்தர வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. பதினோரு வடிகால் வாய்கள் அவள் பொறுப்பு. வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்தப் பாட்டிலையும் பிடிக்கப்போகிற தண்ணீராலேயே மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவது தடவைதான் நிரப்ப வேண்டும் என்பது. பழைய ஒட்டு ஏதாவது உள்ளே இருந்தால் புதுத் தண்ணீருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் அல்லவா? மற்றவர்கள் மழை வலுத்தால் ஒரு தடவை அலசிவிட்டு ஓடிவிடுவார்கள். அவள் இடி விழுந்தாலும் மூன்று தடவை. அலசல் அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. வீட்டிலும் அதே கதைதான். டம்ளர், தட்டு, துணி எதுவானாலும் மூன்று தடவை. பஸ் ஓட்டுநரான அவள் கணவர், "நான் குடிக்கிறதுக்குள்ள இந்த டம்ளர் தேஞ்சு ஓட்டை விழுந்துடும்" என்பார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாநிலம் முழுமைக்கும் ஒரே மழைநீர்த் திட்டம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதுவரை அந்தந்த ஊர் அந்தந்த வடிகாலைப் பார்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டது என்றால், தன் தண்ணீரைப் பக்கத்து ஊர் தலையில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது என்று அர்த்தம். இப்போது எல்லா வடிகாலையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்து, எந்தத் தண்ணீர் எந்த ஆற்றில் விழுகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். நான் அரசாங்கத்தைச் சுலபத்தில் புகழ்கிற ஆள் இல்லை. ஆனால் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம் இது.

இந்தத் திட்டத்துக்காகத்தான் முதல் தடவையாகத் தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு என்று அளக்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அலசல் அக்காவும் புது பாட்டிலைப் புது மரியாதையோடு மூன்று தடவை அலசி நிரப்பினாள். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் எண்ணெய் வரை பரவாயில்லை என்பது வரம்பு. அவள் கொண்டுவந்த பதினோரு வாய்களில் பத்து அதற்குள் அடங்கின. ஒன்பதாம் வாய் மட்டும் நாலு வருஷமும் பதினாறை விட்டு இறங்கவே இல்லை.

ஒன்பதாம் வாய்க்கு வருவது மெக்கானிக் சந்தின் தண்ணீர். முப்பத்திரண்டு பட்டறைகள். அதில் ஒன்று, இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறை, அவள் கூடப்பிறந்த தம்பியுடையது.

போன மழைக்காலம் முடிந்த கையோடு திட்டத்தின் வரைவு வெளிவந்தது. ஒன்பதாம் வாய் சிவப்புப் பட்டியலில் இருந்தது. சிவப்பு என்றால், அந்த வாய்க்குத் தண்ணீர் அனுப்புகிற பட்டறைகள் அத்தனையும் வருஷக் கடைசிக்குள் ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அடுத்த மழைக்காலத்தின் முதல் மாதம் முடிவதற்குள் சொல்லலாம்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன். அந்த ஞாயிறும் வந்தான். ஆனால் உட்காரவில்லை.

"ஒன்பதாம் நம்பர்ல தண்ணி எடுத்தது நீதானே?"

"நான் எடுத்துக் குடுக்கிறேன். அளக்கிறது ஆய்வகம்."

"எடுத்தது நீதானேன்னு கேட்டேன்."

"ஆமா."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தாள், இரண்டு மாதம் பார்த்தாள். பெரியம்மா மகள் கல்யாணத்தில் இருவரும் ஒரே வரிசையில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தார்கள். கூடப்பிறந்தவன் என்பதற்காகப் பாட்டிலில் இருப்பதை மாற்ற முடியுமா, என் கை சுத்தம் என்று அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். அழுகை வந்தபோது அழவும் செய்தாள். இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம் ஓடியது.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, தண்ணீர் எடுப்பவர்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மூன்று மாவட்டங்களிலிருந்து முப்பது பேர். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவராக இருந்தார். மத்தியானம் தூக்கம் சொக்குகிற நேரத்தில் அவர் அந்தக் கண்ணாடி பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்லிடறேன். மத்த பாட்டில் மாதிரி இதை அலசக் கூடாது. எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கும். நீங்க அலசிக் கொட்டும்போது தண்ணிதான் வெளிய போகும், எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே தங்கிடும். திரும்பத் திரும்ப அலசினா அது சேர்ந்துக்கிட்டே போகும். இருக்கிறதைவிட அளவு கூடுதலாக் காட்டும்."

அலசல் அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு வருஷம். ஒவ்வொரு மழைக்கும். மற்றவர்களாவது ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பார்கள். அவள் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, சோம்பல்பட்டதில்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லாரும் பயிற்சிப் புத்தகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கேள்வி கேட்க வேண்டுமா என்று பயிற்சியாளர் கேட்டபோது, அவளும் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"சொன்னா, தம்பியைக் காப்பாத்தக் கதை கட்டறான்னு சொல்வாங்க. எட்டு மாசமா வாயைத் திறக்காதவ, இப்ப கெடு முடியற நேரத்துல வந்து நிக்கறாளேன்னு சிரிப்பாங்க. இருபத்தாறு வருஷம் எடுத்த பேரு போயிடும்."

"சொல்லலன்னா?"

முப்பத்திரண்டு பட்டறை அவள் கண்முன் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்து மூடியது.

"நான் பஸ்ஸைத் தப்பான ரோட்டுல திருப்பிட்டேன்னு வெச்சுக்கோ. உள்ளே இருக்கிறவங்க திட்டுவாங்களேன்னு அப்படியே போய்க்கிட்டே இருப்பேனா? திட்டு வாங்கிக்கிட்டே ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான்" என்றார் கணவர். எந்த விஷயத்தையும் அவர் பஸ்ஸை உள்ளே கொண்டுவராமல் சொன்னதே கிடையாது. ஆனால் அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஒரு தாளில் தன் கையாலேயே எழுதினாள். முதல் வரியில், ஒன்பதாம் வாய்க்கு மேலே என் உடன்பிறந்த தம்பியின் பட்டறை இருக்கிறது என்று எழுதினாள். மற்றவர்கள் எதைக் குத்திக்காட்டப்போகிறார்களோ அதை நாமே சொல்லிவிட்டால் போகிறது. அதற்குக் கீழே, எண்ணெய் பாட்டிலை நாலு வருஷமாக மூன்று தடவை அலசி வந்திருக்கிறேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆய்வகத் தலைவியின் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

தலைவி அவளைவிடப் பத்து வயது சின்னவர். படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, ஒரு கோப்புக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டை உருவி எடுத்தார்.

"பாட்டில் பெட்டியோட இது வந்துச்சு. அலசாதீர்கள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான் படிச்சேன், பத்திரமா கோப்புல வெச்சேன். உங்ககிட்ட குடுக்கல. உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதுங்க மேடம்."

"நீங்க ஒரு தாள் எழுதியிருக்கீங்க. நான் இன்னொண்ணு எழுதணும்" என்றார் தலைவி. இரண்டு தாள்களும் சேர்ந்தே தலைமை அலுவலகம் போயின.

அவள் பயந்தபடியே பேச்சும் கிளம்பியது. தம்பி பாசம் பொங்குதாம் என்று கணக்குப் பிரிவில் சிரித்தார்களாம். இதை அவளிடம் ஒன்றுவிடாமல் வந்து சொன்னவன், அவளோடு தண்ணீர் எடுக்கப் போகும் நெட்டை. ஆறடிக்கு மேல் இருக்கும் அந்த மனுஷனுக்கு ஒளிவுமறைவு என்பதே கிடையாது. நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்வான்.

பத்தாம் நாள் பதில் வந்தது. தலைமை அலுவலகம் எல்லா மாவட்டங்களையும் கேட்டிருக்கிறது. பத்தொன்பது மாவட்டங்களில் பதினாலு, ஆமாம், நாங்களும் அலசித்தான் பிடித்தோம் என்று எழுதிவிட்டன. பயிற்சியன்று புத்தகத்தை உற்றுப் பார்த்தவர்கள் எல்லாம் அந்தப் பதினாலில் அடக்கம். சிவப்புப் பட்டியலில் உள்ள எல்லா வாய்களிலும் கெடு முடிவதற்குள் மறுபடி தண்ணீர் எடுக்க உத்தரவு. ஒன்பதாம் வாயில் மட்டும் அலசல் அக்கா பாட்டிலைத் தொடக் கூடாது, வேறு ஆள் எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் அலசியது ஒன்று, அலசாதது ஒன்று என இரண்டு பாட்டில் எடுக்க வேண்டும். அலசினால் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

கெடுவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மழை வரவில்லை.

வராத மழையைப் பற்றி அலுவலகத்தில் அவளைப்போல் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் வானம், துணி உலர்த்தும்போது வானம், பஸ் நிறுத்தத்தில் வானம். மேகம் கூடும், காற்று வந்து கலைத்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டுக்காரி, இந்த வருஷம் மழை ஏமாத்திடும் போலிருக்கே, துணியெல்லாம் நல்லாக் காயுது என்று சந்தோஷமாகச் சொன்னபோது அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கெடுவுக்குள் மழை இல்லையென்றால் பழைய பதினாறே நிற்கும். சந்து போகும். அதோடு தம்பியும் போவான்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. நெட்டை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். மூவரும் ஜீப்பில் ஏறி ஒன்பதாம் வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது பதினேழு நிமிஷம் ஆகியிருந்தது.

ஆற்றங்கரையில் சிமென்ட் குழாய் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அலசல் அக்கா தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். நெட்டை குனிந்து முதல் பாட்டிலை அப்படியே தண்ணீரில் காட்டி நிரப்பி மூடினான். அலசாமல் ஒரு பாட்டில் நிறைவதை அவள் ஆயுசில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். கை பரபரத்தது.

"அக்கா, அப்படிப் பார்க்காதீங்க. எனக்குக் கை நடுங்குது" என்றான் நெட்டை.

"நீ உன் வேலையைப் பாரு."

இரண்டாவது பாட்டிலை அவன் அலசினான். அவள் அறியாமலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தலைவி அவளைக் கூப்பிட்டார்.

"அலசாதது ஆறு. அலசினது எட்டு. ரெண்டுமே பத்துக்குள்ளே."

அலசல் அக்கா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பட்டியலிலிருந்து சந்து வெளியே. இனி இரண்டு வருஷம் ஒவ்வொரு மழைக்கும் சோதனை. கண்காணிப்புப் பட்டியல், அவ்வளவுதான். பட்டறைகள் இருந்த இடத்தில் இருக்கும். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மூச்சு நெஞ்சின் அடிவரை போய்த் திரும்பியது. நெட்டை டீ கொண்டுவந்து கொடுத்தான். அதை அவள் டம்ளரைக்கூடப் பார்க்காமல் குடித்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் கணக்கு உறைத்தது. அலசினதால் ஆறு எட்டாகியிருக்கிறது. அப்படியென்றால் காட்டுகிற அளவில் கால்வாசிதான் தன் அலசலால் வந்தது. பழைய பதினாறில் கால்வாசியைக் கழித்தால் பன்னிரண்டு. பன்னிரண்டும் பத்துக்கு மேலேதான். அவள் அன்றைக்கு அலசாமல் எடுத்திருந்தாலும் சந்து சிவப்பில்தான் விழுந்திருக்கும். இப்போதோ அலசியே எட்டுதான் வருகிறது. மீதி எண்ணெய் எங்கே போயிற்று? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாமல் சனிக்கிழமையே தலைவிக்குப் போன் போட்டாள். மறைத்துவைத்த ஒரு தப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

"நானும் வெள்ளிக்கிழமையே போட்டுப் பார்த்தேன். அறிக்கையிலயும் எழுதிட்டேன்" என்றார் தலைவி.

"எங்கிட்ட ஏன் மேடம் சொல்லல?"

"எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. திங்கட்கிழமை சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். இங்க பாருங்க, சட்டம் கேக்கறது இப்ப தண்ணி எப்படி இருக்குன்னு. இப்ப நல்லா இருக்கு. எதனாலன்னு எனக்கும் தெரியல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கதவைத் தட்டியது தம்பி. இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான். கணவர், பஸ் டிப்போவில் ஏதோ வேலை என்று சட்டையை மாட்டிக்கொண்டு நழுவினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டிப்போவில் ஒரு வேலையும் கிடையாது.

"பட்டியல் மாறின உத்தரவோட நீ எழுதின லெட்டரையும் நகராட்சிப் பலகையில ஒட்டியிருந்தாங்க" என்றான் தம்பி. "நேத்து சந்துல எல்லாரும் போய்ப் படிச்சோம். என் பட்டறையை முதல் வரியிலயே போட்டிருந்தே. தவறு என்னுடையதுன்னு போட்டிருந்தே."

"ஆமா. என்னுடையதுதான்."

"இல்லக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வண்டியில மாத்தற பழைய எண்ணெயைக் கடை மூடறப்போ வடிகால்லதான் ஊத்துவோம். நானும்தான். சந்து முழுக்க. வருஷக்கணக்கா."

அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பட்டியல் வந்தன்னிக்கு எல்லாரும் என் பட்டறையில கூடினோம். உன்னைத் திட்டறதுக்குத்தான் கூடினோம். திட்டி முடிச்சோம். ஆனா ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. எல்லாருக்கும் தெரியும் எங்க ஊத்தறோம்னு. மறு வாரம் சந்து முனையில பொதுவா நாலு பெரிய டிரம் வெச்சோம். பழைய எண்ணெயை எடுத்து சுத்திகரிக்கிற கம்பெனி வண்டி வாராவாரம் வந்து எடுத்துக்கிட்டுப் போகுது. எட்டு மாசமா ஒரு சொட்டு உள்ள போகல."

பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் காணாமல் போன எண்ணெய் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. எட்டு மாதம் தூங்காமல் கிடந்தது யார்?

"இவ்வளவும் பண்ணிட்டு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா? எம்மேல அவ்வளவு கோபமா?"

"கோபம் முதல் வாரத்தோட போயிடுச்சுக்கா. உன் நம்பர் சரின்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு."

எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போய்விட்டது. போனதோடு மட்டும் இல்லாமல், அது அங்கே உட்கார்ந்ததற்கு ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அவன் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். நாற்பத்து மூன்று வயது ஆள், தடவிக்கொண்டான்.

"எழுந்திரு, கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம். இன்னும் ரெண்டு வருஷம் ஒவ்வொரு மழைக்கும் உங்க வாயில தண்ணி எடுப்பாங்க, தெரியுமில்ல? நெட்டைதான் வருவான். நான் எடுக்கக் கூடாது."

"எடுக்க வேணாம்" என்றான் தம்பி. "ஆனா மழை வந்தா அவன்கூட நீயும் வா. நான் குடையோட அங்க நிக்கறேன்."